கடைசி நான்கு நிமிஷம்

மேரிசெல்வி அதிக தடவை பார்த்த படம் ஒரு வெள்ளைக்காரப் படம். கறுப்பு வெள்ளை, அந்தக் காலத்துத் தமாஷ் படம். அவளுக்கு இங்கிலீஷ் வராது. ஆனாலும் எந்த இடத்தில் ஆடு தபாலைத் தின்னும், எந்த இடத்தில் தொப்பி போட்ட ஆபீசர் கால் வழுக்கிக் கடலில் விழுவார் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

படம் வீட்டுக்கு வந்தது இரண்டாயிரத்து இரண்டில். கல்யாணமாகி எட்டு மாதம் ஆகியிருந்தது. புருஷன் சாலமன் மரக்காணத்திலிருந்து பஸ் பிடித்து, இடையஞ்சாவடிப் பக்கம் வெள்ளைக்காரர்கள் தங்குகிற ஒரு கெஸ்ட் ஹவுசில் ரூம்களைக் கவனிக்கிற வேலைக்குப் போய்வந்தான். அங்கே பழகி இங்கிலீஷும் கற்றிருந்தான். அங்கே மூன்று மாதம் தங்கியிருந்த ஓர் இங்கிலாந்துக் கிழத்தம்பதி, ஊருக்குக் கிளம்பும்போது தங்கள் டிவிடி பிளேயரையும் இந்த டிஸ்க்கையும் அவனிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் சாலமன் படத்தைப் போடுவான். அவள் கீழே உட்கார்ந்திருப்பாள். அவன் கட்டிலில் சாய்ந்தபடி, ஒவ்வொரு ஆள் வாய் திறக்கும்போதும் தமிழில் சொல்லுவான். கிழவிக்கு ஒரு குரல், ஆபீசருக்கு ஒரு குரல். ஒரு தீவு. அங்கே ஒரு சின்ன போஸ்ட் ஆபீஸ். தபாலே வருவதில்லை என்று அதை மூடப் பார்க்கிறார்கள். ஊர்க்காரர்கள் கூடிப் பேசி, பக்கத்து வீட்டுக்காரனுக்கே தபால் எழுதித் தள்ளுகிறார்கள். "உன் கோழி என் தோட்டத்துல மேயுதுடா" என்று எழுதி ஸ்டாம்பு ஒட்டி அனுப்புகிறான் ஒருவன். மேரிசெல்விக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு வரும். வாரமெல்லாம் உப்பளத்தில் உப்புச் சுமந்த கழுத்து வலிகூட அப்போது தெரியாது.

கடைசியில், போஸ்ட் ஆபீஸ்காரம்மாவின் மகளுக்கு ஒரு தபால் வரும். "ஆபீசர் எழுதியிருக்கான்" என்பான் சாலமன். "என்னைக் கட்டிக்கோ, பட்டணத்துக்கு வான்னு. இவ மாட்டேன்னுட்டா. போட்காரன்தான் வேணுமாம்." அடுத்து அந்தப் பெண்ணும் படகுக்காரனும் படகில் ஏறுவார்கள். நடுவில் ஒரு பெரிய தகரப்பெட்டி.

"எங்க போறாங்க?"

"கல்யாணத்துக்குத் துணி எடுக்க."

"அதுக்கு எதுக்குங்க அவ்ளோ பெரிய பெட்டி?"

"வெள்ளைக்காரன் பெட்டி நிறைய எடுப்பான்" என்று எழுந்துபோய் பிளேயரை அணைத்துவிடுவான். "அவ்ளோதான், முடிஞ்சிபோச்சு."

ஷாலினி பிறந்து மூன்று வயதானபோது பிளேயர் கெட்டுப்போயிற்று. டிஸ்க் மட்டும் பீரோவில் துணிக்கடியில் கிடந்தது. சாலமனுக்குச் சர்க்கரை வந்து, வேலையும் போய், அவன் வீட்டோடு ஆனது பிறகு. உப்பளத்து வேலையிலேதான் மேரிசெல்வி மகளைப் படிக்க வைத்தாள். இப்போது ஷாலினி சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள்.

போன கிறிஸ்துமசுக்கு வந்தவள் கையில் ஒரு டப்பா. "ரெண்டு பேரும் கண்ணை மூடுங்க" என்றாள். புது டிவிடி பிளேயர். "எங்கியும் கிடைக்கல, ஆன்லைன்ல தேடி வாங்கினேன். உங்க லவ் படத்தப் பாக்கலாம்."

மழைக்காலம். உப்பளமெல்லாம் தண்ணீர் நின்றது. மேரிசெல்விக்கும் வேலை இல்லை. கேக்கைத் தட்டில் வெட்டி வைத்துக்கொண்டு மூன்று பேரும் உட்கார்ந்தார்கள்.

சாலமன் பழைய குரல்களை எடுத்தான். முதலில் ஷாலினியும் சிரித்தாள். அப்புறம் "டாடி, அவரு அப்படிச் சொல்லலியே" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை. "சும்மா பாரு" என்றான் அவன். அந்தத் தபால் வருகிற இடம் வந்தது. சாலமன் தொண்டையைச் செருமினான்.

"ஆபீசர் கட்டிக்கிறேன்னு…"

"ஐயோ டாடி! கல்யாணம் எங்கேந்து வந்துச்சு? அது வேலைக்கு லெட்டர். சிட்டியில தந்தி ஆபீஸ்ல ஜாயின் பண்ணச் சொல்றாங்க. அம்மா, அந்தப் பொண்ணு டெஸ்ட் எழுதியிருந்தா இல்ல, பாஸாயிட்டா."

படகு வந்தது. தகரப்பெட்டி வந்தது. சாலமன் ரிமோட்டை எடுக்கக் கை நீட்டினான்.

"இருங்க டாடி, இன்னும் நாலு நிமிஷம் இருக்குது."

"அவ்ளோதான் கதை. போதும்."

"ஓடட்டும்" என்றாள் மேரிசெல்வி.

இருபத்திரண்டு வருஷமாக அவள் பார்க்காத நான்கு நிமிஷம் ஓடியது. படகுக்காரன் துடுப்புப் போட்டுக்கொண்டே ஏதோ சொன்னான். "போய்ட்டு வா, நீ போறது எனக்குக் கஷ்டந்தான், அதுக்காகப் போவாதேன்னு சொல்ல மாட்டேன்னு சொல்றாரு" என்றாள் ஷாலினி. பெரிய கப்பல் நின்றது. பெட்டியைத் தூக்கிக் கொடுத்தது அவன்தான். அந்தப் பெண் மேலே ஏறிக் கைக்குட்டையை ஆட்டினாள். அவன் தனியாகத் திரும்பி வந்தான். கரையில் ஊரே நின்று கைதட்டியது. படம் முடிந்தது.

மேரிசெல்விக்கும் ஒரு தபால் வந்திருந்தது. அந்தப் பழைய பிளேயர் வீட்டுக்கு வருவதற்கு ஒரு மாதம் முன்பு. பாண்டிச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்சுக்கு உதவியாள் வேலை. ஒரு வருஷம் பயிற்சி, தங்க இடம். கோயில் சிஸ்டர் விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருந்தார். ஆஸ்பத்திரிக்கு நேரில் கூப்பிட்டு மூன்று பேர் கேள்வி கேட்டார்கள். அவள் நன்றாகத்தான் பதில் சொன்னாள். வந்த தபால் இங்கிலீஷில் இருந்தது. சாலமன் வாசலில் நின்றே படித்தான். "இடம் ரொம்பிடுச்சாம்" என்றான். அவள் அழுதபோது தலையைத் தடவிக் கொடுத்தான். சிஸ்டர் அதற்குள் மாற்றலாகிப் போயிருந்தார். மறுவாரமே அவள் உப்பளத்துக்குப் போனாள்.

"ஏங்க" என்றாள் இப்போது, சாலமனைப் பார்த்து. "எனக்கு வந்த லெட்டர்ல என்ன எழுதியிருந்துச்சு?"

"எந்த லெட்டரு?"

"உங்களுக்குத் தெரியும்."

சாலமன் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தான். வெறும் நீலம்தான் தெரிந்தது.

"வரச் சொல்லிதான் எழுதியிருந்தாங்க" என்றான் கடைசியில். "புதுசாக் கட்டின பொண்டாட்டிய ஹாஸ்டல்ல வுட்டுட்டு நான் இங்க என்ன பண்றது? ஊரு என்ன பேசும்?"

"என்னாண்ட சொல்லியிருக்கலாம் இல்ல? போவாதேன்னு சொல்லியிருந்தா சண்டையாவது போட்டிருப்பேன்."

"நீ போயிருந்தா இவ பொறந்திருப்பாளா?" என்று மகளைக் காட்டினான்.

ஷாலினி தட்டைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தாள். "என்னை எதுக்கு டாடி நடுவுல இழுக்கறீங்க?" என்று கத்தினாள். அப்புறம் அவளும் அழுதாள். மேரிசெல்விக்கு அழுகை வரவில்லை. இத்தனை ஞாயிற்றுக்கிழமை, அவன் காலடியில் உட்கார்ந்து தான் சிரித்த சிரிப்பெல்லாம் நினைவுக்கு வந்தது. ஏமாந்ததைவிட, ஏமாந்தவளாகச் சிரித்ததுதான் அவளை அறுத்தது.

ஷாலினி கிளம்பும்போது "என்கூட வந்துடுமா" என்றாள். நாலு பெண்கள் சேர்ந்து இருக்கிற ரூமில் தான் எங்கே படுப்பது என்று மேரிசெல்வி கேட்டாள்.

ஜனவரி முதல் வாரம், உப்புப் பாத்தித் தரையை இறுக மிதிக்கிற வேலை தொடங்குவதற்கு முன்னால், மேரிசெல்வி யாரிடமும் சொல்லாமல் பாண்டிச்சேரிக்குப் பஸ் ஏறினாள். அந்த ஆஸ்பத்திரி இப்போது ஐந்து மாடி. கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு ஷாலினி வயதுதான் இருக்கும்.

"உதவியாள் வேலைக்கு ஆள் எடுக்கறீங்களாம்மா?"

"யாருக்கு? பொண்ணுக்கா?"

"எனக்குத்தான்."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. மரியாதையாகத்தான் கேட்டாள். "வயசு என்னங்க?"

"நாப்பத்தாறு."

"முப்பதுக்கு மேல எடுக்கறதில்லைங்க. கிளீனிங் மட்டும் கான்ட்ராக்ட்ல எடுக்கறாங்க. சூப்பர்வைசரு நம்பர் தரட்டுங்களா?"

அவள் வாங்கிக்கொள்ளவில்லை. நீலப் புடவை கட்டிய இரண்டு உதவியாள் பெண்கள் ஒரு நோயாளியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஒருத்திக்குத் தலை நரைத்திருந்தது. இருபது வருஷமாக இங்கேயே இருப்பவளாக இருக்கும். லிஃப்ட் கதவு மூடும்வரை மேரிசெல்வி அவளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வீட்டுக்கு வந்தபோது சாலமன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான்.

"எங்க போன? காலையிலேந்து தேடறேன்."

"பாண்டிக்கு. வேலை கேக்க."

அவன் முகம் வெளுத்தது. "என்ன சொன்னாங்க?"

"வயசாயிடுச்சாம்."

ஒரு கணம்தான். அவன் தோள் தளர்ந்தது, மூச்சு இறங்கியது, முகத்தில் நிம்மதி வந்தது. "சரி வுடு, சாப்பிட்டியா?" என்று அன்பாகக் கேட்டான்.

தபாலை மறைத்ததைக்கூட அவள் என்றாவது ஒருநாள் மன்னித்திருப்பாள். அந்த நிம்மதியை அவளால் மன்னிக்க முடியவில்லை. உள்ளே போய் அவனுக்கு மட்டும் சோறு போட்டு வைத்தாள். ஷாலினி படுக்கிற மூலையில் தன் பாயைக் கொண்டுபோய் விரித்தாள். திங்கட்கிழமை விடிந்ததும் பாத்தி மிதிக்கக் கிளம்பிவிட்டாள்.