கடைசி வரி மட்டும்

1

இந்தக் கதை எனக்கு ஒரு லிஃப்டில் கிடைத்தது. பாதி வழியில் அது நின்றதும் "கடவுளே!" என்று கத்திவிட்டேன். பக்கத்தில் நின்ற பெரியவர், ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக், "அவரைக் கூப்பிடாதீங்க, அவருக்கு இந்த வேலை தெரியாது. பிரேக் பிடிச்சிருக்கு, விழாது" என்றார். கதவு திறக்கும்வரை இறந்துபோன மனைவியைப் பற்றிப் பேசினார். அவர் சொல்லாமல் விட்ட இடத்தையெல்லாம் நான் இட்டு நிரப்புகிறேன்.

2

முதல் தொடக்கம்: 'மரணம் என்பது…' (வேண்டாம். நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள்.)

இரண்டாவது: மெக்கானிக்கின் மனைவிக்கு மறதி நோய். கணவனை மறந்தாள், அதைக்கூட அவர் தாங்கிக்கொண்டார். ஒரு மாலை, வாழ்நாளெல்லாம் சொல்லிவந்த பிரார்த்தனை அவளுக்குப் பாதியில் அறுந்துபோனது. கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்தவள்போல் அழுதாள்.

அடுத்த வார்த்தையை அவர் எடுத்துக்கொடுத்தார். சாமி இல்லை என்பவர்தான். ஆனால் பக்கத்து அறையில் பேப்பர் படித்தபடியே ஆயுள் முழுக்கக் கேட்ட காது.

"தம்பி, உங்களுக்கு நல்லா வருதே! பக்தியான குடும்பமா?" என்று யாரோ அந்நியரிடம் போல் கேட்டாள்.

"எம் பொண்டாட்டி சொல்லிக் கேட்டதுங்க."

"கொடுத்து வச்சவங்க. நீங்க நம்புறீங்களா?"

"நான் மனுஷங்களைத்தான் நம்புறேன்."

"அதுவும் யாராவது செய்யணுமில்ல" என்று சிரித்தாள்.

அன்றிலிருந்து தினமும் அவர் சொல்ல, அவள் பின்னாலேயே சொன்னாள். 'நான் நம்புகிறேன்' என்ற கடைசி வரி வந்ததும் அவர் நிறுத்திவிடுவார். அது மட்டும் எப்படியோ அவளுக்கு மறக்கவில்லை. அவளே சொல்லி முடிப்பாள். பிறகுதான் தூங்குவாள்.

3

இங்கே எனக்கு மெக்கானிக்மேல் சந்தேகம். இவ்வளவு சொன்னவருக்கு, அந்த ஒரு வரியைச் சொன்னால் என்ன குறைந்துவிடும்? எழுதிப் பார்த்தேன்: 'அவர் மனம் மாறி…' பேனா நகரவில்லை. அவளிடம் அவர் பொய் சொன்னதே இல்லை. அவள் அவரை மறந்த பிறகு, கணவனாக அவரிடம் மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

(நான் நம்புகிறவன். இருந்தும் அவர் பக்கம்தான் சாய்கிறேன்.)

4

கடைசி மாலை. மருத்துவமனை அறை.

"கிட்ட உட்காருங்கப்பா" என்று நர்ஸ் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

அவர் ஆரம்பித்தார். அவள் உதடுகள் கூடவே அசைந்தன. கடைசி வரிக்கு முன்னால், வழக்கம்போல் நிறுத்தினார்.

அவளுக்கு அது வரவில்லை. கண்கள் அவர் முகத்திலேயே நின்றன: தம்பி, அடுத்து என்ன?

ஒரு முடிவு: சொன்னார். அவள் நிம்மதியாகக் கண்மூடினாள். அதன்பின் அவர்…

இன்னொன்று: கையைப் பிடித்துக்கொண்டு, "நான் இருக்கேன்" என்றார். அவள் இன்னும் காத்திரு…

"சொன்னீங்களா?" என்று லிஃப்டில் நான் அவரைக் கேட்டேன். கதவு திறந்தது. "நீங்க இறங்குங்க" என்றார். அவர் இறங்கவில்லை.

இந்தக் கதையை நான் முடிக்காதவரை அவள் சாகமாட்டாள், தூங்கவும் மாட்டாள். எனக்குத் தைரியம் இல்லை. அவருடைய நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். அவள் உங்கள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.