காமாலைச் சாட்சி

"மே மாசம் காமாலை, ஆகஸ்ட்ல சொகம். எங்க, இன்னொரு தடவ சொல்லு," என்றாள் அம்மா சரோஜினி.

ஜெர்சன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். சாப்பாட்டு மேசையில் ஒரு கட்டு கீழாநெல்லி கிடந்தது. காமாலைக்கு நல்லதென்று எதிர்வீட்டுப் பட்டு மாமி வாரம் தவறாமல் கொண்டுவந்து கொடுப்பது. வழக்கமாக அம்மா அதை நன்றியோடு வாங்கி, மாமியின் தலை மறைந்ததும் குப்பையில் போடுவாள். இன்று போடவில்லை. இன்று நான்கு மணிக்கு, ஜெர்சன் குணமானதற்கு நன்றி சொல்ல வீட்டில் ஸ்தோத்திர ஜெபக்கூட்டம். அக்கா ஜெரூஷாவைப் பெண் கேட்டு பெருங்களத்தூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். கீழாநெல்லி அவர்கள் கண்ணில் பட வேண்டும்.

"எனக்குக் காமாலையே வரலம்மா."

"எனக்குத் தெரியாதா? அவங்களுக்குத் தெரிய வேணாம். எழுந்து, கர்த்தர் சொகம் குடுத்தாருன்னு சாட்சி சொல்லு, முடிஞ்சது. இனிமே சனிக்கிழமை அந்த மாடிக்கும் போகாத. மாப்பிள்ளையோட சித்தி வீடு அதே தெருவுலதான் இருக்கு."

பீர்க்கன்கரணை ஏரிக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தக் கௌரவமான நகரில், ஆறு வருடத்தில் ஏழு வாலிபர்களுக்கு மஞ்சள் காமாலை வந்திருக்கிறது. ஏழு பேரும் சொல்லி வைத்தாற்போல் மூன்று மாதம் காணாமல் போய், இளைத்துத் திரும்பி வந்தார்கள். உடனே நலச்சங்கம் கூடி, தண்ணீர் கெட்டுவிட்டதென்று மாநகராட்சிக்கு மூன்று பக்க மனு கொடுத்தது. அதிகாரி வந்து பாட்டிலில் பிடித்துக்கொண்டு போய்ச் சோதித்துவிட்டு, தண்ணீர் சுத்தம் என்றார். யாரும் நம்பவில்லை. வீட்டுக்கு வீடு சுத்திகரிப்பு இயந்திரம் வந்தது. அந்த மனுவை எழுதியவர் ஜெர்சனின் அப்பா ஞானையா, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். மகன் இருந்தது செங்கல்பட்டுக்கு அப்பால் ஒரு மறுவாழ்வு இல்லத்தில் என்பதும், காரணம் வலி மாத்திரைப் போதை என்பதும் தெரிந்தே, குழாயின் மேல் பழி போட்டு அழகான கையெழுத்தில் எழுதினார். அப்படிப்பட்ட கௌரவம்.

பட்டு மாமியும் லேசுப்பட்டவள் அல்ல. அவள் மகள் சுப்ரஜா கோயம்புத்தூரில் சித்தியின் பிரசவத்துக்கு ஒத்தாசை செய்யப் போனதாகத்தான் தெருவுக்குத் தெரியும். சித்திக்கு வயது ஐம்பத்தாறு.

சுப்ரஜாவை ஜெர்சன் பார்ப்பது சனிக்கிழமைகளில், மேற்குத் தாம்பரத்தில் டெனிஸ் குடியிருக்கும் வீட்டு மொட்டை மாடியில். டெனிஸுக்கு இருபத்தாறு வயது, மறைமலை நகரில் கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை. அவனும் இதையெல்லாம் பார்த்து மீண்டவன்தான். ஆறேழு பேர் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்காருவார்கள். டாக்டரிடம் போவது தனி. இங்கே பேசுவது தனி. புதிதாக வருகிறவனிடம் டெனிஸ் முதலில் கேட்பது ஒன்றுதான்: "வூட்ல இன்னா சீக்குன்னு சொல்லி வச்சிகீறாங்க?" டைபாய்டு, முதுகுவலி, பிரசவ ஒத்தாசை என்று ஒவ்வொருவரும் சொல்ல, எல்லோரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் வாய் திறக்கும்.

போன மாதம் ஒருநாள் பழைய கூட்டாளி போன் செய்தான். மாத்திரை கையில் இருக்கிறது, வா என்றான். ஜெர்சன் டெனிஸைக் கூப்பிட்டான். டெனிஸ் ஷிப்டு முடித்த யூனிபாரத்தோடு தாம்பரம் ஸ்டேஷனுக்கு வந்து, அவனோடு செங்கல்பட்டு வரை ரயிலில் போய், அதே ரயிலில் திரும்பினான். ஒரு வார்த்தை புத்தி சொல்லவில்லை. வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தான். அந்த மாடிக்குத்தான் அம்மா போகாதே என்கிறாள். அது போய்விட்டால், தான் எத்தனை நாள் தாங்குவோம் என்று ஜெர்சனுக்குப் பயமாக இருந்தது.

புடவைக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்த ஜெரூஷா அவனை அறைக்குள் கூப்பிட்டாள்.

"என்னைக் காட்டி உன் வாயை அடைக்கறாங்க. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாங்களா? நீ பொய் சொல்லித்தான் எனக்குக் கல்யாணம் நடக்கணும்னா, அது நடக்கவே வேணாம்டா."

நான்கு மணிக்குக் கூட்டம் தொடங்கியது. பாட்டு முடிந்ததும் மாப்பிள்ளையின் அப்பா ஆசீர்வாதம் கீழாநெல்லியைப் பார்த்துத் தலையாட்டினார்.

"எங்க ஆல்வினுக்கும் போன வருஷம் இதே காமாலைதான். மூணு மாசம். கேரளாவுல வச்சு வைத்தியம் பாத்தோம்."

மாப்பிள்ளை ஆல்வின் காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். அந்தப் பிடி ஜெர்சனுக்குத் தெரியும். ஒரு கையில் பிடித்தால் சிந்தும்.

"தம்பி சாட்சி சொல்லுவான்," என்றார் ஞானையா.

ஜெர்சன் எழுந்தான். அக்காவைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள்.

"என் பேரு ஜெர்சன். எனக்குக் காமாலை வந்ததில்ல. ரெண்டு வருஷமா வலி மாத்திரைக்கு அடிமையா இருந்தேன். மறுவாழ்வு இல்லத்துல இருந்து வந்து நூத்தி நாலு நாள் ஆச்சு, இன்னும் தொடல. அதுக்கு ஒரு மொட்டை மாடியும் அங்க வர்றவங்களும் காரணம். அவங்களுக்காக ஸ்தோத்திரம்."

போன கூட்டத்தில் மாமா ஒருவருக்கு அமெரிக்க விசா கிடைத்ததற்கு எழுந்த ஆமென் இதற்கு எழவில்லை. ஞானையா அவசரமாக அடுத்த பாட்டின் எண்ணைச் சொன்னார். மாப்பிள்ளை வீட்டார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். கேசரியை மட்டும் மிச்சம் வைக்கவில்லை.

திங்கட்கிழமை ஆசீர்வாதம் போன் செய்தார். "பொண்ணு மேல குறை சொல்லலைங்க. ஆனா வீட்ல அந்த மாதிரி ஒரு ஆள் இருந்தா எப்படி? எங்க பையன் சுத்தமா வளந்தவன்."

சரோஜினி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். ஜெரூஷா எழுந்து, வாடிப்போன கீழாநெல்லியை எடுத்துக் குப்பையில் போட்டாள். "பட்டு மாமிகிட்ட இனிமே வேணாம்னு நானே சொல்லிடறேன்," என்றாள்.

சனிக்கிழமை ஜெர்சன் செருப்பு மாட்டியபோது ஞானையா பேப்பரைத் தாழ்த்தினார்.

"யாராவது கேட்டா என்னடா சொல்றது?"

"மாடிக்குப் போயிருக்கான்னு சொல்லுங்கப்பா."

மாடியில் எல்லோரும் உட்கார்ந்த பிறகு படியில் காலடி கேட்டது. ஆல்வின் வந்து நின்றான். ஜெர்சன் தன் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

"வூட்ல இன்னா சீக்குன்னு சொல்லி வச்சிகீறாங்க?" என்றான் டெனிஸ்.

"மஞ்சள் காமாலை."

சுப்ரஜாதான் முதலில் சிரித்தாள். ஆல்வினுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"அப்பாதான் கூட்டிட்டு வந்தாரு," என்றான். "அவரே விசாரிச்சாரு, இந்த மாடி எங்கன்னு. மேல மட்டும் வரமாட்டாராம். யாராவது பாத்துடுவாங்களாம்."

ஜெர்சன் கைப்பிடிச் சுவரோரம் போய் எட்டிப் பார்த்தான். இரண்டு வீடு தள்ளி காரில், முகத்துக்கு நேரே பேப்பரைப் பிடித்தபடி ஆசீர்வாதம் உட்கார்ந்திருந்தார். ஆல்வினும் வந்து பார்த்தான். பிறகு தெரு முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டான்.

"அப்பா, இங்க ஸ்டூல் இருக்கு. மேல வாங்க."

எதிர் பால்கனியிலிருந்து அவன் சித்தி எட்டிப் பார்த்தாள்.

"யாரு, ஆல்வினா? என்னப்பா இங்க? மறுபடியும் காமாலையா?"

"இல்ல சித்தி," என்றான் ஆல்வின். "அது எனக்கு வந்ததே இல்ல."

கீழே காரின் கண்ணாடி மெல்ல ஏறி மூடிக்கொண்டது.