மச்சான் வயிற்று வைரஸ்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பினாயில் கம்பெனி சூப்பர்வைசர் நான், சாம்சன். கிருமி என்றால் எனக்கு ஜென்மப் பகை. கொரோனா போனாலும் என் வீட்டு வாசலை விட்டு ஸ்பிரே பாட்டில் போகவில்லை. யார் வந்தாலும் கையை நீட்ட வேண்டும். முக்கியமாக என் மச்சான் மோசஸ். இரும்பு ஆலையில் பழைய இரும்பு பிரிக்கிறவன், ஈ மொய்க்கிற பஜ்ஜியைத் தின்றுவிட்டு நிம்மதியாக ஏப்பம் விடுவான். "அங்கியே நில்லுடா!" என்று தலை முதல் கால்வரை ஸ்பிரே அடிப்பேன். தம்பியை இப்படி நடத்துகிறேனே என்று என் மனைவி சாராளுக்கு வருத்தம். எனக்கென்ன, சுத்தம் என் பக்கம்!

வயிறுதான் என் பக்கம் இல்லை. லேசாகக் கடமுடா என்றாலே மெடிக்கலில் ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்குவேன். சொந்தக்காரர்களுக்கும் அதையே சிபாரிசு செய்வேன். பெரிய டாக்டர் என்று நினைப்பு! கடைசியில் பேதி நிற்கவே இல்லை. வேலைக்குப் போக மீஞ்சூரில் ஏறும் லோக்கல் ரயிலில் கக்கூஸ் கிடையாது. பொன்னேரி வருவதற்குள் நான் பட்ட பாடு பகையாளிக்கும் வேண்டாம். வேலைக்குப் போவது நின்றது. செத்துவிடுவேனோ என்று நிஜமாகவே பயந்தேன்.

"நல்ல பாக்டீரியாவையெல்லாம் நீங்களே கொன்னுட்டீங்க. கெட்டது ஒண்ணு உள்ள குடும்பம் நடத்துது, மாத்திரைக்கு அசையல" என்றார் சென்னை டாக்டரம்மா. "பாக்டீரியாவை அழிக்கிற வைரஸ் நம்ம குடல்லயே இருக்கு. ஆரோக்கியமானவங்க மலத்துலேர்ந்து அதை வடிகட்டி உள்ள அனுப்பிப் பாக்கற ஆராய்ச்சி நடக்குது. ரொம்ப நாளா ஆன்டிபயாடிக் தொடாத ஆளா கூட்டிட்டு வாங்க."

வைரஸ்! அதுவும் எங்கிருந்து! ஐயோ ஆண்டவரே!

சொந்தத்தில் அப்படி ஒருவர்கூடத் தேறவில்லை. எல்லாரும் என் பேச்சைக் கேட்டு மாத்திரை விழுங்கியவர்கள். கேட்காத ஒரே ஜீவன் மோசஸ்.

சாராள் கூப்பிட்டதும் வந்தான். வாசலிலேயே நின்று, பழக்கத்தில் இரண்டு கையையும் நீட்டினான். ஹாலில் கட்டிலில் கிடந்த நான் போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டேன். அவள்தான் விஷயத்தைச் சொன்னாள்.

"இவ்ளோதானா? இத்தக் கேக்கவா மாமா இத்தினி நாளு பட்த்துக்கினு கெடந்த? நாளைக்கே போலாம்" என்றான். கை நீட்டியபடியே இருந்தது.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "கைய எறக்குடா. உள்ள வா."

"இன்னா மாமா, அடிக்கலயா?" என்றவன் சிரித்தான். "ஆமா, அட்ச்சா உன் மருந்து செத்துப்பூடும்ல!"

இரும்புத் தூசியோடு நேராக வந்து, என் வெள்ளைப் படுக்கையில் உட்கார்ந்தான். நான் நகர்ந்து இடம் விட்டேன்.