நாற்பத்தொரு சிரிப்புகள்

அந்த நகைச்சுவைப் படத்தின் முதல் காட்சியில் நாற்பத்தொரு முறை சிரிப்புச் சத்தம் கேட்டது. அரங்கில் இருந்த இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. சிரித்தது ஒரே பெண்குரல். விக்கல் மாதிரி ஒரு சின்ன எடுப்பு, அப்புறம் மூக்கால் கொஞ்ச தூரம், அப்புறம் வயிற்றிலிருந்து ஒரு பெருக்கு, முடிவில் மூச்சு வாங்கிக்கொண்டு "போதும், போதும்." ஒவ்வொரு ஜோக்குக்குப் பிறகும் இதேதான், நீளம் மட்டும் மாறியது. கடைசி ஒன்றில் மட்டும் அந்தப் "போதும்" இல்லை. தான் அப்படி எதையும் சேர்க்கவில்லை என்று ஒலிப்பதிவாளர் சத்தியம் செய்தார். பாதிப் படத்தில் ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கிப் பார்த்தார்கள். வசனம் நின்றது, சிரிப்பு நிற்கவில்லை. வயரைத் திரும்பச் சொருகிவிட்டார்கள். மூன்றாவது வரிசை ஓரத்தில் இருந்த எடிட்டரின் மனைவிக்கு முதல் ஜோக்கிலேயே தெரிந்துவிட்டது, அது தன் சிரிப்பு. கொடியில் பத்துப் பேர் துணி காய்ந்தாலும் தன் துணி கண்ணில் படுவதுபோலத் தெரிந்தது. கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு மீதிப் படத்தையும் பார்த்தாள்.

இது எப்படி நடந்தது என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. நகைச்சுவைப் படத்தில் ஒவ்வொரு ஜோக்குக்குப் பின்னாலும் கொஞ்சம் இடம் விட வேண்டும். விடாவிட்டால் ஜனங்களின் சிரிப்பில் அடுத்த வசனம் அடிபட்டுப் போகும். அதிகமாக விட்டாலோ, சிரிப்பு அடங்கி எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். மற்ற எடிட்டர்கள் இதைக் குத்துமதிப்பாகப் போடுவார்கள். இந்த எடிட்டருக்குக் குத்துமதிப்பு என்றாலே ஆகாது. வீட்டின் பின்னறையில்தான் அவருக்கு வேலை. மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் குப்பிகளுக்குச் சீட்டு ஒட்டுகிறவள். சாயங்காலம் அவள் வந்து முகம் கழுவியதும் ஸ்டூலில் உட்காரவைத்து ஒரு ஜோக்கைப் போட்டுக் காட்டுவார், அவள் சிரிப்பாள், இவர் ஸ்டாப்வாட்சைப் பிடித்து அளப்பார். படம் ஒரு பல் வைத்தியரைப் பற்றியது. அவருக்கே பல்வலி வந்து, எதிர்ப்பக்கத்துப் பல் வைத்தியரிடம் போக மானம் இடம் கொடுக்காமல், கண்ணாடி முன் நின்று தானே பிடுங்கப் பார்க்கிறார். அவளுக்கு அது உண்மையிலேயே பிடித்திருந்தது. ஆனால் டைரக்டர் வாரத்துக்கு ஒரு தடவை வந்து காட்சிகளை மாற்றிக்கொண்டே இருந்தார். மாற்றினால் மறுபடி அளக்க வேண்டும். முதல் தடவை பார்ப்பது மாதிரி சிரிக்கச் சொல்வார் எடிட்டர். அவளும் ஏழு மாதம் அப்படியே சிரித்தாள்.

ஓர் இடைவெளி முடிவானதும் அதற்கு அளந்த சிரிப்பு படத்திலேயே தங்கிவிட்டது, அவளிடம் திரும்பவில்லை. பத்தாவது இடைவெளிக்குப் பிறகு அக்கா மகன் அடிக்கும் கூத்துக்கு அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இருபத்தைந்துக்குப் பிறகு, பரிசோதனைக் கூடத்தில் யார்மேல் கோபம் என்று கேட்க ஆரம்பித்தார்கள். முப்பதைத் தாண்டியபின் ஸ்டூலில் உட்கார்ந்தால்தான் வந்தது, அதுவும் யோசித்து. வேலைக் களைப்பு, படம் முடிந்தால் எங்காவது நாலு நாள் போய்வந்தால் சரியாகிவிடும் என்று எடிட்டர் நினைத்தார். அங்கேதான் கோட்டைவிட்டார். நாற்பத்தொன்றாவதை அளந்த பிறகு அவள் சிரிக்கவே இல்லை. ஊருக்குப் போய்வந்தும் இல்லை.

படம் முடிந்ததும் திரைக்கு முன்னால் மூன்று நாற்காலி போட்டு, டைரக்டர், பல் வைத்தியராக நடித்தவர், எடிட்டர் மூவரையும் உட்காரவைத்தார்கள். படைப்பாளிகளுடன் கலந்துரையாடல் என்று அழைப்பிதழிலேயே போட்டிருந்தது. அந்தச் சிரிப்பு என்ன உத்தி என்று ஒருவர் கேட்க, டைரக்டர் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, ஆறு வருஷமாக மனதில் போட்டு ஊறவைத்த யோசனை அது என்று கூசாமல் அளந்துவிட்டார். நடிகர் தன் பல் இன்னும் வலிப்பதாகச் சொன்னார். அப்போது மூன்றாவது வரிசை ஓரத்தில் கை உயர்ந்தது. மைக் அங்கே போனது.

"படத்துல சிரிக்கிறது நான்தான்," என்றாள். "இப்போ எனக்குச் சிரிப்பே வரமாட்டேங்குது. அதை எப்போ திருப்பிக் குடுப்பீங்க?"

அன்றைக்கு ஜனங்கள் தங்கள் வாயால் சிரித்தது அப்போது மட்டும்தான். கூரை அதிரச் சிரித்தார்கள். டைரக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இந்த அம்மாவை அடுத்த படத்துக்கு வசனம் எழுதக் கூப்பிட வேண்டும் என்றார், அதற்கும் சிரிப்பு. அவள் நின்றுகொண்டே எடிட்டரைப் பார்த்தாள். உள்ளதைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். அவர் மைக்கை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றி, தொண்டையைச் செருமி, இடைவெளி பொதுவாக இரண்டிலிருந்து நான்கு விநாடிவரை இருக்கும் என்று சொன்னார். அவள் மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். இந்தக் கதையில் எனக்கு ஆற்றாமையாக இருப்பது இந்த இடம்தான்; மற்றதெல்லாம் யாருக்கும் நடக்கக்கூடியது.

பிறகு அவர் செய்யாத முயற்சி இல்லை. தன்னிடம் இருந்த பிரதியில் எல்லா இடைவெளிகளையும் மூடிப் பார்த்தார். சிரிப்பு இடம் தெரியாமல் வசனத்தின் மேல் ஏறி விழுந்தது, அவளுக்குத் திரும்பவில்லை. மறுபடி திறந்துவைத்தார். தொண்டை டாக்டர் எல்லாம் நன்றாக இருப்பதாகச் சொல்லிச் சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார். காலுறையைக் காதில் மாட்டிக்கொண்டு சாப்பிட வந்தார் எடிட்டர். எந்தக் காலுறை அழுக்கு என்று அவள் கேட்டாள். அவள் பார்க்கும்படி ஒருநாள் ஸ்டூலிலிருந்து வேண்டுமென்றே விழுந்தார். ஓடிவந்து தூக்கிவிட்டு, முட்டியில் மருந்து தடவினாள். படமோ சக்கைப்போடு போட்டது. சிரிக்கிற வேலையையும் வேறு யாரோ பார்த்துக்கொள்வதால் ஜனங்கள் ஓய்வாகச் சாய்ந்திருந்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். இதைப் போய் நிறுத்துவதாவது என்று தயாரிப்பாளர் எடிட்டரை வாசலோடு அனுப்பிவிட்டார்.

பத்தொன்பது வருஷம் இப்படியே ஓடியது. டைரக்டர் போய்ச்சேர்ந்தார், நடிகருக்குப் பல்செட் வந்தது. அந்தப் பழைய அரங்கு மட்டும் வருஷத்துக்கு ஒரு ஞாயிறு பகல் காட்சியாக அந்தப் படத்தைப் போடுகிறது. கணவனும் மனைவியும் டிக்கெட் வாங்கிக்கொண்டு போய் மூன்றாவது வரிசையில் உட்காருவார்கள். அவள் தன் சிரிப்பைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். அவளுக்குத் தலை நரைத்துவிட்டது, சிரிப்புக்கு இன்னும் முப்பத்திரண்டு வயதுதான். போன ஞாயிறு, நாற்பத்தொன்றாவது முடிந்து விளக்கு வந்தபோது, அவள் எழுந்திருக்கவில்லை.

"கடைசி ஜோக் எனக்குப் புடிக்கவே இல்லைங்க," என்றாள். "அன்னைக்கு நீங்க ரொம்பக் களைச்சுப்போய் இருந்தீங்க. சீக்கிரம் எழுந்து சாப்பிட வரட்டுமேன்னு சும்மா சிரிச்சேன். மிச்சம் இருந்தது அது ஒண்ணுதான்னு அப்போ எனக்குத் தெரியாது."

எடிட்டர் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீ சும்மா சிரிச்சேன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்," என்றார். "இருந்தும் அளந்துக்கிட்டேன்."

அவள் தலையாட்டினாள். கைப்பையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். வாசலில் டிக்கெட் கிழிக்கிறவர், வருஷா வருஷம் கேட்பதுபோல, படம் எப்படி என்று கேட்டார்.

"நல்லா சிரிச்சிருக்கேன்," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். அவர் அடுத்த காட்சிக்கு வந்தவர்களின் டிக்கெட்டைக் கிழிக்கத் திரும்பினார்.