அண்ணன் அளந்த சூடு

அன்று ஆய்வகத்தில் இருந்தவர்கள் மூன்றே பேர்: எழுபத்தெட்டு வயது டெக்லே, ஆய்வகப் பொறுப்பாளர் டங்குவோலே, மரத்தூளை அமிலத்தில் அவித்துச் சர்க்கரை எடுக்கும் ஆலையின் பொறியாளர் வைடோடஸ். நாலாவதாகத் தானும் இருந்ததாகச் சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

முப்பது ஆண்டுகளுக்கு முன் அதே ஆலையில் டெக்லேயின் அண்ணன் யெரோனிமஸ், 'நார் உடைந்து சர்க்கரையாகும்போது சூடு எழுவது இல்லையென்றே சொல்லலாம்' என்று எழுதிவைத்தார். அப்போதைய தலைமைப் பொறியாளர் வைடோடஸின் அப்பா. அமிலம் ஊற்றியதும் சுட்ட தொட்டியைக் காட்டி அவர் சிரித்தார். 'செத்த தெர்மாமீட்டர்' என்ற பட்டப்பெயர் யெரோனிமஸோடு கல்லறை வரை போனது. டெக்லே வீட்டில் எவரும் அளவில் பொய் சொன்னதில்லை.

இரண்டு நாள் முன்பு டெக்லே, ஆளிநாரில் நெய்த ஒரு லினன் துண்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்திருந்தார். டங்குவோலே கையை இழுத்துக்கொண்டார்.

"பெரியம்மா, இது உங்கண்ணனோட சவப்பெட்டியக் குழியில இறக்கின துண்டாச்சே!"

"ஆமா. அரைச்சிடு. எங்க வழக்குக்கு அடுத்த வீட்டுத் துணி சாட்சி சொல்ல வேண்டாம்."

அரைத்த துணியை இளஞ்சூட்டுக் குடுவையில் போட்டு, அமிலத்துக்குப் பதில் நாரைச் செரிக்கும் பூஞ்சைச் சாறு ஊற்றினார்கள். அன்று காலை துணியைக் காணோம். குடுவையில் வெறும் நீர். சூட்டைப் பதியும் தாளில் கோடு படுத்தே கிடந்தது.

"இந்தக் கருவியும் செத்துப்போச்சா?" என்றார் வைடோடஸ்.

டங்குவோலே வேறொரு குடுவையில் வெறும் தண்ணீரை எடுத்து அமிலத்தைச் சொட்டினார். குடுவையைத் தொட்டுப்பார்த்த வைடோடஸ் விரலை உதறினார்.

"இதுல மரமும் இல்ல, துணியும் இல்ல. உங்கப்பா பாத்தது தண்ணியில அமிலம் விழுந்த சூடு, சார்."

"அப்ப துணிக்குள்ள இருந்த சூடு எங்க?"

"எங்கயும் போகல. அத எரிச்சிருந்தா ஆயிரம் பங்கு வந்திருக்கும். உடைச்சதுல கசிஞ்சது ஒரு பங்கு. மிச்சமெல்லாம் சர்க்கரைக்குள்ள அப்படியே இருக்கு."

டெக்லே, துணி கரைந்த அந்த நீரில் விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தார். இனித்தது. அவர் பிறக்குமுன் ஏதோ ஒரு கோடையில் ஆளிவயலில் விழுந்த வெயில்! ஊறவைத்து, அடித்து, நூற்று, நெய்து, நூறு முறை வெளுத்து, ஒரு சவத்தின் பாரத்தையும் தாங்கிய பிறகும் சிந்தாமல் இருந்திருக்கிறது.

வைடோடஸும் சுவைத்தார். தொப்பியைக் கழற்றினார்.

"தப்பு எங்கப்பாவோடது, டெக்லேம்மா. ஆலைப் பதிவுல நானே திருத்தி எழுதுறேன்."

"எங்கண்ணன் பேர முழுசா எழுது."

எழுதினார். டெக்லே அந்த நீரில் கடைச் சர்க்கரை கலந்தார் என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. கலக்கவில்லை.