காலையில் நீலம், மாலையில் மஞ்சள்

ரொட்டி ஆலையில் ராத்திரி முழுக்க அடுப்பு வாயில் நின்றுவிட்டு வருகிற மனிதருக்குப் படுக்கையைத் தவிர வேறெதுவும் கண்ணில் படக் கூடாது. அவரோ செருப்பைக் கழற்றியதும் நேரே மீன் தொட்டிக்குத்தான் போவார். தண்ணீரின் பி.எச். பார்க்க வேண்டும். சின்னக் கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து, சோதனை மருந்தைச் சொட்டு விட்டு, குலுக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடிப்பார். பச்சை என்றால் நிம்மதி. மஞ்சள் என்றால் புளிப்பு ஏறிவிட்டது, நீலம் என்றால் காரம். வந்து தொலைவது எப்போதும் நீலம்தான்.

"உனக்கு வேற வேலையே இல்லையா?" என்று தண்ணீரைத் திட்டிக்கொண்டே, கடையில் வாங்கிய அமில மருந்தை ஊற்றுவார். நாளைக்கும் சேர்த்து இருக்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் ஊற்றிவிட்டுப் போய் விழுவார். அந்நேரம் மனைவி மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இருப்பாள். அவள் திரும்புவதற்குள் அவர் கிளம்பியிருப்பார். ஒரே கட்டில், ஷிப்ட் முறையில் தூக்கம். இதில் ஒரு சௌகரியமும் உண்டு, சண்டை போட நேரம் கிடைக்காது. நேரம் கிடைத்த காலத்தில் போட்டதே ஏழு ஜென்மத்துக்குப் போதும்.

தொட்டி மகளுடையது. அவள் எதற்கு ஆசைப்பட்டாலும் அப்பா சரி என்றால் அம்மா கூடாது என்பாள். அம்மா தலையாட்டினால் அப்பாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஒருநாள் அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போன் வரும். "மீன் எப்படி இருக்கு?" என்பாள். நல்லா இருக்கு என்றால், "சரி, வைக்கிறேன்" என்பாள். அந்த ஒரு கேள்விக்காகத்தான் இரண்டு பேரும் வாரம் பூராவும் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். மீன் போனால் போனும் நின்றுவிடும் என்று அவருக்குப் பயம். பயத்தை வாய்விட்டுச் சொல்கிற பழக்கம் அந்த வீட்டில் கிடையாது.

நாலு ஏஞ்சல் மீன்களில் மூன்று செத்தாயிற்று. மகளிடம் சொல்லவில்லை. மிச்சமிருந்த ஒன்று துடுப்பை ஒடுக்கிக்கொண்டு தண்ணீர் மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. வேலைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டு உள்ளறையில் முடங்கிக் கிடந்தார். சாயங்காலம் மனைவி வந்த சத்தம் கேட்டது. கூப்பிடக்கூடத் தெம்பில்லை. குழாய் கழுவுகிற சத்தம், அப்புறம் ஒரு பெருமூச்சு.

"இன்னைக்கும் மஞ்சளா? அட கடவுளே."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார். அவள் ஒரு தம்ளரில் சமையல் சோடாவைக் கரைத்துத் தொட்டிக்குள் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்ற?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீங்க போகலையா? தண்ணி புளிச்சுக் கிடக்குங்க. தினமும் இதே கதைதான். கூட வேலை பார்க்கிறவ ஒரு ஸ்பூன் சோடா போடச் சொன்னா. நான் ரெண்டா போடுறேன்."

"தினமுமா?"

"பின்னே? நீங்கதான் தொட்டிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கிறதில்லையே."

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் இடுப்பு வலித்தது. சோதனை மருந்து இவ்வளவு சீக்கிரம் தீர்கிறதே என்று இத்தனை நாளும் கடைக்காரனைத் திட்டியிருக்கிறார், பாவம் அந்த ஆள். அலமாரியில் துணிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த அமில பாட்டிலை எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தார்.

அவள் பாட்டிலைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள், நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"ஏன் சொல்லலை?"

"சொன்னா, உங்களுக்கு என்ன தெரியும்னு கேட்பே."

"நானும் அதுக்குப் பயந்துதான் சொல்லலை," என்றாள். இருவருக்கும் கோபப்படக்கூடத் தெம்பில்லை.

ஞாயிறு வரை மீன் தாங்காது. முதல் தடவையாக அவர்களே மகளைக் கூப்பிட்டார்கள். "என்னாச்சு? யாருக்கு என்ன?" என்று பதறினாள். அவர் மூன்று மீன் செத்ததிலிருந்து சோடா வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னார்.

"அப்பா, அது கொஞ்சம் புளிப்பிலயும் வாழும், கொஞ்சம் காரத்துலயும் வாழும். எதுல விட்டாலும் பழகிக்கும். காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணுன்னு மாத்திக்கிட்டே இருந்தா எதுதான் தாங்கும்?" என்றாள். "என்னையும் இப்படித்தானே பண்ணீங்க. ரெண்டு பேருக்கும் பாசம்தான். எனக்குத் தெரியும். என்னால தாங்க முடியலை, அதான் கிளம்பிட்டேன்."

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மகள் போனதிலிருந்து ஒரு வருஷமாக யார் மேல் தப்பு என்று யோசித்துக்கொண்டிருந்தவருக்கு இப்போது அது தெரிந்தது.

"இப்ப என்ன பண்றதும்மா?" என்றாள் மனைவி.

"ஒண்ணும் பண்ணாதீங்க. ரெண்டு பேரும் கையைக் கட்டிக்கிட்டுச் சும்மா இருங்க."

"செத்துட்டா?" என்று கேட்டார் அவர்.

"செத்தாலும் போன் பண்ணுங்க, பொழைச்சாலும் போன் பண்ணுங்க," என்றாள் மகள். "ஆனா ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டுப் பண்ணுங்க."