பூண் போட்ட கம்பு

மலையில் ஹர்கமானைப் போல நிமிர்ந்து சுமக்கிறவன் கிடையாது. முதுகில் எழுபது கிலோ அரிசிக் கூடை. அதைத் தாங்கும் நாம்லோ வார் நெற்றிக்கு இறங்காமல் உச்சிக்குச் சற்று முன்னால் இருக்கும். மோவாய் உள்ளே, கண் நாலு முழம் தள்ளிப் படிக்கல்லில். யார் கூப்பிட்டாலும் தலை திரும்பாது. திரும்ப வேண்டுமென்றால் கம்பை ஊன்றி, அதன் குறுக்குக்கட்டையில் கூடையை உட்காரவைத்து, வாரைக் கழற்றிவிட்டுத்தான் திரும்புவான். சுமைக்காரனுக்கு அதுதான் முறை. ஆனால் இவன் அதைக் கடைப்பிடித்த மாதிரி எவனும் கடைப்பிடித்ததில்லை. திமிர் என்றார்கள் ஊரில். திமிரும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை, வெறும் பயம்.

போன தசைன் திருவிழாவுக்கு முந்தின வாரம் அவன் தம்பி கேசர் படிப்பாதையின் மூணாம் வளைவில் பள்ளத்தில் விழுந்து செத்தான். கால் சறுக்கியது என்றார்கள். யானைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லி எரித்துவிட்டும் வந்தார்கள். நடந்தது ஹர்கமான் ஒருவனுக்குத்தான் தெரியும். அன்று அவன் முன்னால் ஏறிப்போய்ச் சுமையை இறக்கி இளைப்பாறிக்கொண்டிருந்தான். பள்ளத்தாக்கில் ஹெலிகாப்டர் ஒன்று தலையை உரசுவது போல வந்தது. குஷியில் கத்திவிட்டான்.

"டேய் கேசர், மேலே பாருடா!"

அண்ணன் சொல்லைத் தட்டாத பிள்ளை, பார்த்தான். கழுத்து நிமிர்ந்ததும் வார் பின்னால் நழுவியது, கூடை இழுத்தது, அவ்வளவுதான். இரும்புப் பூண் போட்ட அவன் கம்பும் கூடவே போனது. அந்தத் தடத்தில் பூண் போட்ட கம்பு அவன் ஒருவனிடம்தான் இருந்தது.

இதை ஹர்கமான் யாரிடமும் சொல்லவில்லை, ஆவியை அடக்க வந்த பூசாரியிடம்கூட. தம்பி பெண்டாட்டி ஜஸ்மாயாவுக்குத் தெரிந்தால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது? பெண்டாட்டி பிள்ளை இல்லாதவனுக்கு அவள் அடுப்புதான் வீடு. அவளும் இப்போது கூடை சுமக்கிறாள். கணவனின் அண்ணன் மேல் விரல்கூடப் படக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். ஆகையால் பத்துப் படி பின்னால்தான் வருவாள்.

ஒருநாள் நடுப்பகலிலேயே மூடுபனி இறங்கியது. மூணாம் வளைவை நெருங்கும்போது பின்னால் 'டொக், டொக்' என்று கம்பு கேட்டது. ஜஸ்மாயாவின் கம்பு. அதற்கும் பின்னால் 'டிங்' என்று இன்னொன்று. கல்லில் இரும்பு படும் சத்தம்.

"அண்ணே, மேலே பாரு."

கழுத்து தானாக நிமிரப் போனது. பல்லைக் கடித்துக்கொண்டான். கம்பை ஊன்றினான். கூடையை உட்காரவைத்தான். வாரைக் கழற்றியபின்தான் திரும்பினான். ஜஸ்மாயா மட்டும் சுமையைக் கம்பில் தாங்கிக்கொண்டு நின்றாள்.

"கூப்பிட்டியாம்மா?"

"நான் எங்க கூப்பிட்டேன்? உங்க தம்பியில்ல கூப்பிட்டாரு."

"உனக்கும் கேக்குதா?"

"கூடை தூக்குன நாள்லேருந்து கேக்குது அத்தான். இங்க வந்தாப் போதும், 'அண்ணன் பாருன்னாரு, பாத்தேன்'னு என் பின்னாலயே புலம்பிக்கிட்டு வராரு."

"தெரிஞ்சுமா இத்தனை நாளா எனக்குச் சோறு போட்டே?"

"நீங்களா ஒருநாள் வாயைத் தொறப்பீங்கன்னு பாத்தேன். வருஷம் திரும்பப் போவுது."

ஹர்கமான் படியில் உட்கார்ந்து அழுதான். ஹெலிகாப்டரையும், தான் கத்தியதையும், கூடை உருண்ட சத்தத்தையும் ஒன்று விடாமல் சொன்னான். சொல்லி முடிக்கும்வரை அவள் கழுத்து ஆடவில்லை.

"கண்ணைத் தொடைங்க. கண்ணுல தண்ணி நின்னா படி தெரியாது" என்றாள். பிறகு கூடையை நிமிர்த்தி, சுவரோரமாக ஒதுங்கி, அவன் மேல் படாமல் அவனைக் கடந்து மேலே ஏறினாள்.

"எங்க போற?"

"இத்தனை நாளும் அவருக்கும் உங்களுக்கும் நடுவுல நான் நடந்தேன். அலுத்துப்போச்சு அத்தான். இனி நீங்களாச்சு, உங்க தம்பியாச்சு."

அவள் பனியில் மறைந்தாள். வேறு வழியில்லாமல் ஹர்கமான் வாரை உச்சியில் ஏற்றிச் சுமையைத் தூக்கினான். மேலே இன்னும் இருநூறு படி இருந்தது. இரும்புச் சத்தம் ஒரு படி பின்னால் வந்து நின்றது. பிடரியில் மூச்சு பட்டது.

"அண்ணே."

மோவாயை உள்ளே இழுத்துக்கொண்டு அடுத்த படியில் காலை வைத்தான்.